அந்தத் தம்ளரைத் தொடாதீர்கள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வரக்கூடாது. நான் டீ குடிக்கும் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற அக்கா, பின்வாசல் படியில் உட்கார்ந்து சொன்னது. சொல்லி முடித்து, "நீங்க எழுதுறவங்கதானே, இத எப்படி முடிப்பீங்க?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன். என்னத்தை யோசிக்க? மண்டையில் ஒன்றுமே ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: 'சன்னல் வழியாக வந்த வெயில் அவள் முகத்தில்...'

வேண்டாம். அந்த வீட்டில் திரையே விலக்குவதில்லையாம்.

இரண்டாவது: 'மனச்சோர்வு என்பது ஒரு கரிய...' சே! அக்கா அப்படியா பேசினார்? "படுத்தா எழுந்திரிக்க மாட்டேங்கிறா" என்றார். அவ்வளவுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

படுத்தவள் அக்காவின் தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டினவள், வாய் ஓயாதவள். போன மழைக்காலத்திலிருந்து படுக்கையே கதியாகிவிட்டாள். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே வீட்டுக்கு ஒரு தெரப்பிஸ்டையும் அனுப்பினார்.

அந்தம்மா பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்கப் படுக்கையும் வேண்டாம், ஒரே நாளில் வீட்டைப் புரட்டிப் போடவும் வேண்டாம். கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு, கொஞ்சம் பிடித்தது எல்லாம் ஒரு நாளுக்குள் இருந்தால் போதும் என்றார். பிடித்ததற்கு, வாசலில் நின்று போகிற வண்டிகளைப் பார்ப்பது. வேலைக்கு, டீ குடித்த தம்ளரைத் தானே கழுவி வைப்பது. முதலில் தம்ளர், மற்றதெல்லாம் மெதுவாக.

காலையில் ஓட்டலுக்குப் போகிற வழியில் அக்காதான் அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பார். (இந்த இடத்தில் அக்காவைக் கொஞ்சம் திட்டி எழுதிப் பார்த்தேன். மனசு வரவில்லை, அடித்துவிட்டேன்.) எச்சில் தம்ளரைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா? நாளெல்லாம் அதே பிழைப்பு. தங்கை குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும், கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். "கழுவணும்னு கழுவலீங்க. கை அதுபாட்டுக்குப் போயிடுது."

தெரப்பிஸ்ட் வரும்போதெல்லாம் தம்ளர் பளிச்சென்று கவிழ்ந்திருந்தது. அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தங்கையும் வாய் திறக்கவில்லை. நல்ல முன்னேற்றம், இனி நான் வர வேண்டியதில்லை, வேலைக்குத் திரும்புவதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம் என்றார் அந்தம்மா. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இருக்கிற ஒரே உதவியும் போகிறது, அதுவும் தன் கையால். அங்கேயே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்.

4

'உண்மையைக் கேட்ட தெரப்பிஸ்ட் கோபத்தில்...'

இல்லை, கோபப்படவில்லை. இதையும் அடிக்கிறேன். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "நாளையிலேருந்து உங்க கையக் கட்டிப் போட்டுட்டு வாங்க" என்றாராம். தொடர்ந்து வருகிறேன் என்றும் சொன்னாராம். அந்தம்மாவுக்கும் அலுப்புதான், பாவம்.

அன்றைக்குத் தங்கை சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீ கழுவுறது எனக்குத் தெரியும்க்கா. அவங்க சந்தோஷப்பட்டாங்க. அதக் கெடுக்க எனக்குத் தெம்பில்ல."

பிறகு, "நீ கழுவிட்டுப் போனதுக்கப்புறம், இந்த வீட்ல நான் இருக்கேனா இல்லையான்னே தெரியல" என்றாள்.

இதைச் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டார். நான் கையிலிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

முடிவு ஒன்று: தங்கை எழுகிறாள், தம்ளரைக் கழுவுகிறாள், திரையை விலக்குகிறாள், தெருவில் வேன் ஹாரன்...

எழுதி முடித்துப் படித்தால் அசிங்கமாக இருந்தது. அவள் எங்கே கழுவினாள்? கழுவியது நான்.

முடிவு இரண்டு: தம்ளர் அப்படியே காய்ந்து, எறும்பு மொய்த்து... இதுவும் நான் செய்கிற வேலைதான். அவள் எழமாட்டாள் என்று தீர்மானிக்க நான் யார்?

அக்காவிடம் போய், என்னிடம் முடிவு இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் என் காலி கிளாஸை நோக்கிக் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார், குழாயைக் காட்டினார். எழுந்து போய்க் கழுவினேன். வேறு வழி?

6

இன்று காலை நடந்தது இவ்வளவுதான். தங்கை டீ குடித்தாள். தம்ளரை அக்காவே எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டார். கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, பஸ் ஏறினார். வழியெல்லாம் கை நமநமத்ததாம்.

தம்ளர் தொட்டியில் கிடக்கிறது. தங்கை விழித்துத்தான் இருக்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன், எனக்கும் அசதி.

உங்களுக்குக் கை பரபரக்கும், தெரியும். நல்லபடியாக முடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்று தோன்றும். தயவுசெய்து தொடாதீர்கள். அது அவளுடைய தம்ளர்.