முன்கூட்டியே ஸ்தோத்திரம்

...இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று பாஸ்டர் சொன்னது நாலு பாட்டுக்கு முன்னால், மணி பத்து இருபது, எல்லோரும் கண்ணை மூடிக் கைதட்டிக்கொண்டிருக்க அவன் மட்டும் ஒரு கண்ணால் சுவர்க் கடிகாரத்தையும் மறு கண்ணால் அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் தட்டினாள், வலது கையை அசைக்காமல் இடது கையைக் கொண்டுபோய் அதன்மேல் மோதி, கொசு அடிக்கிற மாதிரி. வலது பக்கம்தான் கட்டி. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும், ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள், இன்று விட்டால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து, ஏற்கெனவே ஒரு தேதியை விட்டாயிற்று. "கட்டிக்கு உங்க சௌகரியம் தெரியாது தம்பி" என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டாள். ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள், ஒன்பது இருபத்தெட்டுக்குக் காலிங் பெல் அடித்தது, திறந்தால் பாஸ்டர், பாஸ்டரம்மா, பாட்டுக்குத் தம்புரின் குலுக்கும் அக்கா, பின்னால் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் சிரித்த முகம். "சும்மா பத்து நிமிஷம் சிஸ்டர், சந்தோஷமா ஒரு ஸ்தோத்திர ஜெபம்!" பத்து நிமிஷம்... பரலோகக் கணக்கில் பத்து நிமிஷம் எவ்வளவோ யார் கண்டது.

ஸ்தோத்திரம் எதற்கு? கட்டி மறைந்துபோனதற்கு. மறைந்ததா? இல்லை, போன ஞாயிறைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சபையில் வழக்கமே அப்படி, கிடைத்த பிறகு நன்றி சொல்வதை ஊரே செய்கிறதே, விசுவாசி கிடைக்கும் முன்பே சொல்ல வேண்டும், அதுவும் கிடைத்துவிட்ட மாதிரி, சிரித்துக்கொண்டு. குழாய் வேலை பார்க்கும் பிரதர் ஒருவர் தமக்குக் கல்யாணமானதற்கு மூன்று வருஷமாக ஸ்தோத்திரம் சொல்லிவருகிறார், பெண்ணுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை. அம்மாவும் மூன்று வாரத்துக்கு முன் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "என் கட்டி போயிடுச்சு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள், சபையே எழுந்து நின்று தட்டியது, அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொட்டலம் வரவில்லை என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? முதல் தேதியை அதனால்தான் விட்டாள். இன்று காலை பல் தேய்க்கும்போது, வாயில் நுரையோடு, அவளாகவேதான் சொன்னாள், "வரேன்டா. ஆனா இவங்க யாருக்கும் தெரிய வேணாம்." அந்த நுரை வாய்ப் பேச்சுக்காக அவன் மூன்று வாரம் கெஞ்சியிருக்கிறான்.

"சிஸ்டர், முகத்துல இன்னும் கொஞ்சம் சந்தோஷம் வரட்டும்" என்று பாஸ்டரம்மா அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள், வலது தோள்தான், அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், பாஸ்டரம்மாவுக்குப் பரம திருப்தி. நிறுத்துங்கள் என்று சொன்னால் என்ன? சொல்லலாம். அவனுக்குக் குரலுக்கா பஞ்சம், குரலை வைத்துத்தானே பிழைப்பு, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன், நாலு மணி நேரம் தாமதம், பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு துளிகூட வருந்தாத தேன் குரலில் தினமும் சொல்கிறவன், சபையில் அதற்கு அபிஷேகம் பெற்ற குரல் என்று பெயர். அப்பா வார்டில் கிடந்தபோதும் இவர்கள் இப்படித்தான் சுற்றி நின்று தட்டினார்கள், நர்ஸ் வந்து இரண்டு தடவை முறைத்தாள், அப்பா, தலைமாட்டில் அம்மா நிற்க, இவன் காதைப் பக்கத்தில் இழுத்து, "கொஞ்சம் நிறுத்தச் சொல்லுப்பா, தலை வலிக்குது" என்றார். "அப்பா என்ன சொல்றாங்க தம்பி?" என்று பதினோரு முகங்கள் ஆவலோடு திரும்பின, அந்த முகங்களைப் பார்த்தவன், இன்னொரு பாட்டுப் பாடச் சொல்றாங்க என்றான். பாடினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா போய்விட்டார், கடைசி மூச்சுவரை பாட்டுக் கேட்ட பரிசுத்தவான் என்று சபையில் இன்றும் வருஷத்துக்கு ஒரு தடவை சாட்சி சொல்கிறார்கள், சொல்லும்போது அவனும் ஆமென் போடுகிறான், போடாமல் எப்படி...

பத்து முப்பத்தொன்று. "தம்பி, நீங்களே முடிச்சு ஜெபம் பண்ணிடுங்க" என்றார் பாஸ்டர். அப்பாடா. இரண்டே வரி, ஒரு ஆமென், வாசலில் டாக்ஸி நிற்கிறது, சந்து வழியாகப் போனால் இருபது நிமிஷம். வேண்டுமானால் உண்மையையே சொல்லிவிடலாம், ஆண்டவரே, எங்கம்மாவுக்குப் பயமா இருக்கு, நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம், கூட வாங்க... இதைவிட நல்ல ஜெபம் உண்டா? கண்ணை மூடினான், "அன்பின் ஆண்டவரே" என்றான், குரல் நன்றாக விழுந்தது, ரொம்பவே நன்றாக. தம்புரின் அக்கா லேசாகக் குலுக்கினாள். "எங்கம்மாவுக்கு" என்றதும் எட்டுப் பேரும் ஆமென் என்றார்கள், அந்த ஆமெனுக்கு அடுத்து பயம் என்ற சொல் எப்படி வரும், வரவில்லை, "நீர் தந்த சுகத்துக்காக" என்று வந்தது, ஸ்தோத்திரம் என்றார்கள், அதற்குமேல் அவன் எதையும் தேடவே வேண்டியிருக்கவில்லை, டாக்டர்கள் வியந்துபோனதற்காக, அறிக்கை சுத்தமாக வந்ததற்காக, எல்லாம் நடந்து முடிந்ததாகவே வந்தது, நெஞ்சில் மூன்று வாரமாக உட்கார்ந்திருந்த கல் நகர்ந்து கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது, பொய் என்றால் இத்தனை இனிப்பாக ஏன் இருக்கிறது, அப்பாவுக்கும் ஒருவேளை... இல்லை, அது வேண்டாம், இன்னும் ஒரு வரி, ஒரே வரி, பாஸ்டர் அல்லேலூயா என்று அழுதார், அவன் இன்னும் உயரத்துக்குப் போனான்.

மூச்சு வாங்கக் கண்ணைத் திறந்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. அம்மா தட்டிக்கொண்டிருக்கவில்லை. கண்ணை மூடவுமில்லை, அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, பாஸ்டரம்மா தோளை உலுக்கியபோது சிரித்தாளே, உதட்டைக் கடித்துக்கொண்டு, மரியாதையாக, வந்தவர்களுக்கென்று வைத்திருக்கிற சிரிப்பு, அதே சிரிப்பைத்தான் இப்போது இவனுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தானா, இல்லை வார்டிலிருந்தே இவனுக்கும் இதுதானா... கேட்க வேண்டும் என்று நினைத்தான், வாய் மட்டும் நிற்காமல் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.