விளக்குக்கு விழுந்த ஓட்டு

ஓட்டுப்போடும் நாள் என்பதால் மரக்காணம் உப்பளத்தில் ஆளே இல்லை. ஓட்டில்லாத காசிலிங்கம் மட்டும் நாள் முழுக்கத் தனியாக உப்பு வாரிவிட்டு, சாயங்காலம் அகதி முகாமுக்குத் திரும்பினார். திருகோணமலையிலிருந்து படகேறி வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது.

மகள் ஜெயப்ரியா இந்த முகாமில் பிறந்தவள். நர்சிங் படித்தும், குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு மனு போட முடியாமல், ஆரோவில்லில் துணி தைக்கப் போகிறாள். அன்று லீவு. போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எண்பத்திரண்டுல இலங்கைல தேர்தலே வைக்காம, பார்லிமென்ட்ட ஆறு வருஷம் நீட்டிக்கலாமான்னு ஓட்டெடுத்தாங்களாமே?"

"ஓம். சரியெண்டா விளக்குச் சின்னம். வேண்டாமெண்டா குடம்."

"அப்பவே தேர்தல் வச்சிருந்தா சண்டையே வந்திருக்காதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. நீங்க குடத்துக்குத்தானே போட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை.

"விளக்குக்கு" என்றார். "துறைமுகத்தில வேலை வாங்கித் தாறனெண்டு கட்சிக்காரன் சொன்னான். எங்கட தெருவில இருவது பேரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"வேலை கெடச்சுதா?"

"இல்லை."

"சித்தப்பாவுக்கு அப்ப தெரியுமா?"

"தம்பி பாலகுரு குடத்துக்குப் போட்டவன். அதுக்குப்பிறகு என்னோட முகம் குடுத்துக் கதைக்கவே இல்லை. ஏழு மாசத்தில கலவரம். அவன்ர கடைக்குள்ள அவனை வச்சுப் பூட்டிக் கொளுத்திப்போட்டாங்கள்."

"இவ்ளோ வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கேல்லை."

"உங்க இருவது ஓட்டு இல்லன்னாலும் அவங்க ஜெயிச்சிருப்பாங்க" என்றாள். ஆறுதலாகச் சொல்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. "அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

காசிலிங்கம் உப்புப் படிந்த கால்களைக் கழுவ எழுந்து போனார்.

அதன்பிறகு நாலு நாள் சோறு வைக்கும்போது மட்டும்தான் பேசினாள். ஐந்தாம் நாள், பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாகவும் அங்கேயே ஹாஸ்டலில் தங்கப்போவதாகவும் சொன்னாள். முகாமுக்கு வெளியே தங்க அனுமதி கேட்கும் மனுவில் குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டுமாம்.

"ஞாயிற்றுக்கிழமை வருவியோ?"

"பாக்கலாம்" என்று பேனாவை நீட்டினாள்.

காசிலிங்கம் மனுவைப் படிக்கவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.