தெரிந்த சொற்கள் அவ்வளவுதான்

தேர்வு முடிவு வந்த மின்னஞ்சலைத் திறக்கும்போது சதாமின் இரண்டு கைகளிலும் வார்னிஷ் ஒட்டியிருந்தது. உத்தமபாளையம் பைபாஸ் ரோட்டில் அவனுடைய மோட்டார் வைண்டிங் கடை. கோம்பைக்காரர் ஒருவரின் தோட்டத்து மோட்டார் காலையிலிருந்து பிரித்துப் போட்டபடி கிடந்தது. சுண்டுவிரலால் திரையைத் தள்ளித் தள்ளிக் கீழே போனான். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. தேற அறுபது வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். எண்ணிக்கை தவறியது. சுற்றியதையெல்லாம் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றினான்.

அவன் மனைவி ரம்லத் ஜெர்மனிக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. கம்பத்தில் ஏழு வருடம் நர்ஸாக இருந்தவள், ஒன்றரை வருடம் ஜெர்மன் படித்து லைப்சிக் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை வாங்கினாள். கணவன் போய்ச் சேர வேண்டுமென்றால் அவனும் அந்த மொழியில் ஆரம்பநிலைத் தேர்வில் தேற வேண்டும். சதாம் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் குமுளிப் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசிப் பேசியே மலையாளம் கற்றிருந்தான். ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது, பேச்சு மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும். அந்தத் தைரியத்தில்தான் இதற்கும் இறங்கினான்.

தேனியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடை மாடியில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவள் ஜெபராணி, அவனைவிட எட்டு வயது இளையவள். படிக்க வந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் நர்சிங் முடித்த பெண்கள். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த சதாமுக்கு முதல் வாரத்திலேயே தலை சுற்றியது. அந்த மொழியில் எல்லாப் பொருளுக்கும் ஆண், பெண், இரண்டுமில்லாதது என்று பிரிவு உண்டு. மோட்டார் ஆண், பேட்டரி பெண். பதினாறு வருடமாகப் பேட்டரியைத் தோளில் தூக்கியவனுக்கு அது தெரியாமல் போயிருந்தது. சிறுமி என்ற சொல்லை மட்டும் இரண்டுமில்லாததில் சேர்த்திருந்தார்கள். பொம்பளைப் பிள்ளையை எப்படி அஃறிணையில் வைக்கலாம் என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். ஜெபராணி பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது சதாம் பின்னாலிருந்து சொன்னான்.

"நம்மளும் அப்படித்தான டீச்சர் பேசுறோம். அது சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்ங்கிறோம். எங்க வீட்ல அது வெளிநாட்டுல இருக்குன்னுதான் நானே சொல்றேன்."

வகுப்பு சிரித்தது. ஜெபராணி சிரிக்கவில்லை. அவன் சொன்னதைப் பலகையில் எழுதிப் போட்டாள். அன்றிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் கூச்சம் விட்டது.

இன்னொரு நாள் 'ஸீ', 'டூ' என்ற இரண்டு சொற்கள் வந்தன. ஸீ என்றால் நீங்கள். அதே சொல்தான் அவர்கள் என்பதற்கும். வந்தாக, சொன்னாக என்று ஒருத்தரையே பல பேராக்கி நாம் மரியாதை கொடுப்பது போலத்தான் என்றாள் ஜெபராணி. டூ என்றால் நீ. சிநேகிதருக்கு டூ, பிள்ளைகளுக்கு டூ, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் டூ. சதாம் நோட்டில் எழுதிக்கொண்டான். திரும்பும் பஸ் சின்னமனூரைத் தாண்டும்போது அது மறுபடி நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் ரம்லத் ஒரு தடவைகூட அவனை நீ என்றதில்லை. சண்டை போடும்போதும் நீங்கதான். அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்றே அவனுக்கு அதுவரை தோன்றியதில்லை.

அவனைக் கவிழ்த்தவை எண்கள். இருபத்தேழை அவர்கள் ஏழும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். தேர்வில் ஒலிபெருக்கி சொன்ன எண்களையெல்லாம் காதில் விழுந்த வரிசைப்படியே எழுதிவைத்தான். தோற்றுவிட்டேன் என்று ஜெபராணியிடம் சொன்னபோது, அதை ஜெர்மனில் சொல்லுங்கள் என்றாள். அவள் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைப் பத்துத் தடவை திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த பாடத்துக்குப் போனாள்.

ரம்லத்திடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் அவள் வீடியோவில் வரும்போதெல்லாம் முடிவு இன்னும் வரவில்லை என்றான். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. மூன்றாவது ஞாயிறு அவள் ஒரு வீட்டைப் பற்றிப் பேசினாள். நர்ஸ்கள் விடுதியிலிருந்து நாலு தெரு தள்ளி, இரண்டு அறை, சமையலறையில் பெரிய ஜன்னல். இரண்டு பேர் குடியிருப்பதானால்தான் தருவார்களாம். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"முடிவு எப்ப வரும்னு கேட்டீகளா?"

சதாம் வாயைத் திறந்தான். தமிழில் எத்தனையோ சொற்கள் வரிசைகட்டி நின்றன. சர்வர் கோளாறு, பேப்பர் திருத்துவதில் தாமதம், அடுத்த வாரம் வந்துவிடும். எதை எடுத்தாலும் அவள் நம்புவாள். தோற்றுவிட்டேன் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை. கடைசியில் ஜெபராணி சொல்லித்தந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "இஷ் ஹாபெ டி ப்ரூஃபுங் நிஷ்ட் பெஷ்டாண்டன்." நான் தேர்வில் தேறவில்லை.

அவள் போனை முகத்துக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு அதே மொழியில், எப்போது என்று கேட்டாள். மூன்று வாரம் என்றான். ஏன் சொல்லவில்லை என்றாள். சமாதானம் சொல்ல அவனிடம் ஜெர்மனில் சொற்கள் இல்லை. பயம் என்ற ஒன்றுதான் தெரியும். எனக்குப் பயம் என்றான்.

"எனக்கும்" என்றாள் ரம்லத், ஜெர்மனிலேயே. அவனுக்குப் புரிய வேண்டுமென்று ஒன்றாம் பாடத்துச் சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். நான் தனியாகச் சாப்பிடுகிறேன். நான் கொஞ்சம்தான் பேசுகிறேன். கிழவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள், எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறேன். அதற்கடுத்து அவள் சொன்ன சொல் அவனுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்டான். ரம்லத் ஆள்காட்டி விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்துக் கன்னம் வரை இழுத்துக் காட்டினாள்.

எட்டு மாதமாக நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"டூ முஸ்ட் கொமென்" என்றாள். நீ வரணும்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. உள்ளங்கையால் வாயைப் பொத்தி, சட்டென்று தமிழுக்குத் திரும்பினாள். "இங்கன உள்ள பேச்சு அப்படி. மரியாதையில்லாமச் சொல்லலைங்க."

"பரவால்ல" என்றான் சதாம். "இன்னொரு தடவ சொல்லு."

அதன்பின் தினமும் மாலை நாலரைக்கு, அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில், இருபது நிமிடம் ஜெர்மன் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எண்களை முதலில் சரிசெய்தாள். அவன் தன் கடை மோட்டார்களின் நம்பர்களைப் படிக்க, அவள் எழுதிக் காட்டுவாள். புத்தகத்தின் முதல் பாடத்தில், உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு கேள்வி இருந்தது. பாடத்தில் இருக்கிறதே என்று சதாம் அதைக் கேட்டான். தேநீர் பிடிக்கும், மழை பிடிக்கும், மீன் பிடிக்காது என்றாள். அவன் புரிந்துகொண்டது தப்போ என்று இரண்டு தடவை கேட்டான். கல்யாணமானதிலிருந்து ஊரைவிட்டுப் போகும்வரை வாரம் இருமுறை மீன் குழம்பு வைத்தவள்.

"ஏன் சொன்னதே இல்ல?"

"நீங்க கேட்டதே இல்லையே" என்றாள். உடனே திருத்திக்கொண்டு அதையே ஜெர்மனில், டூ போட்டுச் சொன்னாள்.

அந்த இரண்டு அறை வீட்டின் சொந்தக்காரர் இரண்டு மாதம் பொறுப்பதாக ரம்லத்திடம் சொல்லியிருந்தார். இரண்டாம் தேர்வு சென்னையில் நடந்தது. பேச்சுத் தேர்வில் எதிரே இருந்த பெண்மணி அவன் தொலைபேசி எண்ணைக் கேட்டபோது, ஒவ்வொரு ஜோடியையும் மனதுக்குள் திருப்பிப் போட்டு நிதானமாகச் சொன்னான். அட்டையில் வரும் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்; குடும்பம் என்று ஒரு அட்டை வந்தது. மனைவிக்கு மீன் பிடிக்காது என்றான். அந்தப் பெண்மணி புன்னகைத்து எதையோ குறித்துக்கொண்டார். எவ்வளவு மதிப்பெண் போட்டார் என்று தெரியவில்லை.

முடிவு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஞாயிறு மதியம் உத்தமபாளையத்தில் மழை பிடித்துக்கொண்டது. கடையில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் ரம்லத் கூப்பிட்டாள். அறைக்குள் இல்லை, தெருவில் நின்றாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டதற்குப் போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பழைய கட்டடத்தின் கதவு. பக்கத்தில் அழைப்பு மணிப் பொத்தான்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெயர். எல்லாம் அவனால் உச்சரிக்க முடியாத பெயர்கள். மூன்றாவது வரிசையில் அவள் கையெழுத்தில் புதிதாய் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. ரம்லத் என்றும், அதற்குக் கீழே சதாம் என்றும் எழுதியிருந்தாள். மை லேசாக ஈரத்தில் பரவியிருந்தது.

அவள் விரல் வந்து பொத்தானை அழுத்தியது. மேலே எங்கோ காலியாக இருந்த அந்த இரண்டு அறை வீட்டுக்குள் மணி அடிப்பது, மழைச் சத்தத்துக்கு நடுவே அவனுக்கும் கேட்டது.