தொடாமல் குறைத்த வால்யூம்

“இன்னொரு வாட்டி அந்தப் பொட்டியத் தொட்டீங்கன்னா நான் பொறந்த வூட்டுக்கே போயிருவேன், சொல்லிட்டேன்!”

“யாருடி தொடப்போறா? தொடாம இருக்கத்தான ஞானராஜு ரிமோட்டு போட்டுக் குடுக்கறான்!”

“ஆமா, பெரிய இஞ்சினீரு! போன வாரம் கை மரக்கட்டையாட்டம் வெறச்சுக் கெடந்தப்ப சோறு ஊட்டுனது யாரு, அவரா?”

கடத்தூரில் என் ரேடியோ ரிப்பேர் கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மரியசூசை அண்ணன் வீடு. அவர்கள் சொன்ன ஞானராஜ் நான்தான்; சண்டை முழுக்க எனக்குக் கேட்டது. அண்ணன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மதலேனம்மாள் அண்ணி சொன்னது பொய்யில்லை. பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்தில் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழைப் பிடித்தவரைக் கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் லீக், பெட்டியின் இரும்பெல்லாம் கரண்ட். புதிது சேலத்திலிருந்து வரவேண்டும். மாதா கோயில் திருவிழாவுக்கு நான்கே நாள்தான் இருந்தது. இது நடந்தது போன வருஷம், எண்பத்தேழில்.

பெங்களூரிலிருந்து வந்த பொம்மைக் கார் ஒன்று என்னிடம் இருந்தது, ஒயர்லெஸ் ரிமோட்டில் ஓடுவது. அதன் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் கழற்றி வால்யூம் குமிழில் பொருத்தினேன். ஒரு பட்டனை அழுத்தினால் சத்தம் ஏறும், இன்னொன்றை அழுத்தினால் இறங்கும். அண்ணன் இருபதடி தள்ளி நின்று அழுத்திப் பார்த்துவிட்டு, “இனி கரண்டு என்னப் புடிக்க முடியாதுடா!” என்று சிரித்தார்.

எங்கள் பக்கத்து மைக் செட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பின் பிளக்கைச் செருகியதும் புறங்கையால் பெட்டியை லேசாகத் தொடுவார்கள். சுள்ளென்று இழுத்தால் பிளக்கைத் திருப்பிச் செருகுவார்கள்; பின் மாறியதும் பெட்டியில் கரண்ட் அடிக்காது. திருவிழா அன்று பிளக்கைச் செருகியது நான். பெட்டியைத் தொடவில்லை. எனக்குப் பயம். அதுதான் ரிமோட் இருக்கிறதே, யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஜெபமாலை சொல்ல வந்த அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் நின்று மைக்கைப் பிடித்தார். குழாய் ஸ்பீக்கரில் ‘ஆ’வென்று நீளமாக ஒரு சத்தம் எழுந்தது.

“மைக்கு ஊளையிடுதுடா!” என்றபடி அண்ணன் பட்டனை அழுத்தினார். மோட்டார் சுற்றியது. சத்தம் இறங்கி இறங்கி, நின்றே விட்டது. ஆனால் அண்ணியின் வாய் திறந்தபடியே இருந்தது. விரல்கள் மைக்கை விடவில்லை. ஜனங்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைக்கின் இரும்பும் பெட்டியின் இரும்பும் ஒரே ஒயரில் சேர்ந்தவை. இது எனக்குத் தெரியாததா? பெட்டியைத் தொடாமலிருக்க வழி செய்தேனே தவிர, மைக்கைப் பிடிக்கப்போகிறவரை நினைக்கவே இல்லை.

“அண்ணா, அது ஊள இல்லீங்க, அண்ணி!” என்று கத்திக்கொண்டே ஓடி, ஒயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. அண்ணி அப்படியே சரிந்தார்.

உயிர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டார்: “நான் கத்துனது உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?”

நானும் கட்டிலருகில்தான் நின்றிருந்தேன். பிளக்கைத் தப்பாகச் செருகியது நான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.

இதில் கொடுமை, ரிமோட்டின் பேர் மட்டும் ஊர் ஊராகப் பரவிவிட்டது. நேற்று கம்பைநல்லூர் மைக் செட்காரர் தீர்த்தகிரி தன் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. குமிழத் தொடவே பயமா இருக்குதுங்க.”

அந்தப் பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊரில் மைக்கை ஒருவர் கையில் கொடுக்கும் முன் கரண்ட் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? அண்ணியிடம் நான் உண்மையைச் சொல்லிவிடலாமா? அதற்கும் சேர்த்துப் பதில் போடுங்கள்.