ப்ரேபெனுக்குக் கிடைத்த அப்பா

நல்ல ஆராய்ச்சி எது, மோசமான ஆராய்ச்சி எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மானிய விண்ணப்பத்தை என் கையில் கொடுத்தால் அதில் எந்த வரி பொய் என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படி ஒரு பிழைப்பு என்னுடையது. அமைச்சகம் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பணம் தருவதாக வருஷா வருஷம் அறிவிக்கும். அதைப் படித்து, யார் எதற்குக் கை நீட்டலாம் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் எடுத்துச் சொல்வது நான்தான். என் பேர் போடில். யூட்லாந்து தீபகற்பத்தின் வட கோடியில், காற்று ஓயாத ஓர் ஊரில், இந்த வேலையிலேயே என் தலை நரைத்துவிட்டது.

அந்த வருஷம் வந்த அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு சிஸ்ஸெல் ஞாபகம்தான் வந்தது. நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல், அதாவது ஃபியோர்டுகள், எங்கள் பக்கம் செத்துக்கொண்டிருக்கின்றன; அவற்றை மீட்கும் ஆராய்ச்சி, அதோடு இளம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கடலில் இறங்கிப் பயிற்சி. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒரு விண்ணப்பம். அவளுக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது.

சிஸ்ஸெல் கடல் உயிரியல்காரி. ஒரு தற்காலிக ஒப்பந்தம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அதற்கடுத்தது என்று நாற்பது வயதுவரை வந்துவிட்டாள். ஃபியோர்டின் அடியில் இருந்த கடற்புல் எல்லாம் அழுகிப்போய், மீனுக்கு ஒதுங்க இடமில்லாமல் போயிற்று அல்லவா, அந்தப் புல்லை மறுபடி விதைத்து வேர்பிடிக்க வைக்கிற வழியைக் கண்டுபிடித்தவள் அவள். அடுத்த வருஷ இலையுதிர் காலத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அவள் போனால் தொட்டிகளில் சேர்த்துவைத்திருக்கும் விதையும் குப்பைக்குப் போகும்.

"இது கிடைக்கலேன்னா நான் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தத்தான் போகணும் போடில்," என்றாள், ஈரப் பூட்ஸோடு என் அறையில் உட்கார்ந்து.

"போயேன். அங்க லீவாவது ஒழுங்கா கிடைக்கும்."

"புல்லை யார் பாத்துப்பா?"

விதிகளைப் பிரித்துப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே இடித்தது. திட்டம் முடியும்வரை பணியில் இருக்கக்கூடியவர்தான் தலைமை விண்ணப்பதாரர் ஆக முடியும். அவளால் முடியாது.

ப்ரேபென் இந்த இடத்தில்தான் உள்ளே வந்தான். துறைத் தலைவன். எங்கள் ஊரில் பேராசிரியரானாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், நீ என்றுதான் பேசுவோம். எல்லோரும் சமமாம். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது.

"என் பேரைப் போட்டுக்கோ சிஸ்ஸெல்," என்றான். "எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. பணம் வரட்டும், திட்டத்துல ஒரு பதவி உண்டாக்குவோம், அது உனக்குத்தான். இதைக் கேக்கணுமா?"

"அதை எழுதிக் குடேன்," என்றேன் நான்.

"எதை?"

"இப்ப வாயால சொன்னதை."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. "போடில், நம்ம நாட்டுல ஒருத்தரை ஒருத்தர் நம்பறதுதானே பழக்கம். நீ என்ன, சந்தேகப் பிராணியா மாறிட்டே?"

அவன் போனபிறகு சிஸ்ஸெலிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன், வேண்டாம் என்று. "வேற வழி இருந்தா சொல்லு," என்றாள். எனக்குத் தெரிந்து இல்லை.

எழுதினாள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். அமைச்சகத்துக்கு இப்போதெல்லாம் ஆராய்ச்சி மட்டும் போதாது. 'இந்தப் பணிக்கு உங்களைத் தள்ளியது எது?' என்று ஒரு கேள்வி. எல்லாவற்றையும் 'நான், நான்' என்றுதான் எழுத வேண்டும், அப்போதுதான் தலைமைப் பண்பு தெரியுமாம். அவள் தன் கதையையே எழுதிவிட்டாள். அவளுடைய அப்பா ஐனார் அந்த ஃபியோர்டில் விலாங்கு மீன் பிடித்தவர். ஒரு கோடையில் வலைக்கூடுகளைத் தூக்கினால் அத்தனை விலாங்கும் வாயைப் பிளந்துகொண்டு செத்துக் கிடந்தன. அவர் அவற்றைத் திரும்பக் கொட்டிவிட்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரே சிறுமி சிஸ்ஸெல்.

"இதை எடுத்துடு," என்றேன். "கையெழுத்துப் போடப்போறது ப்ரேபென். அவனோட அப்பா கோபன்ஹேகன்ல பல் டாக்டர்."

ப்ரேபென் விடவில்லை. "அதைத் தொடாதீங்க. விண்ணப்பத்தோட உயிரே அங்கதான் இருக்கு. கொஞ்சம் பொதுவா மாத்திக்கலாம்."

அவன் மாற்றியது ஒன்றே ஒன்று. 'சிறுமி' என்றிருந்ததைச் 'சிறுவன்' ஆக்கினான்.

நேர்காணலுக்கு முன்னால் துறையில் ஒத்திகை வைத்தோம். நானும் சிஸ்ஸெலும்தான் அமைச்சகக் குழு மாதிரி மேஜைக்கு அந்தப் பக்கம். உங்களைத் தள்ளியது எது என்று நான் கேட்டேன். ப்ரேபென் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான்.

"எங்கப்பா," என்று ஆரம்பித்தான்.

சிஸ்ஸெல் பக்கென்று சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். விலாங்கு, தொப்பி, படகு எல்லாம் வந்தது. அவள் எழுதாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டான், அப்பாவின் கை நடுங்கியதாம். விலாங்கைத் தட்டில் வைத்தாலே முகம் சுளித்து எழுந்து போகிறவன் இவன்.

"உங்கப்பா கை நடுங்கியிருந்தா கோபன்ஹேகன்ல பாதிப் பேருக்குப் பல் இருந்திருக்காது," என்றேன்.

"குழுவுக்கு ஒரு முகம் வேணும் போடில். இது யாரோட கதைங்கறது முக்கியமில்லை, ஃபியோர்டோட கதை."

சிஸ்ஸெலின் சிரிப்பு அதற்குள் போய்விட்டிருந்தது. மேஜைமேல் இருந்த காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "கை நடுங்கலை," என்று மட்டும் சொன்னாள். "எங்கப்பாவுக்குக் கை நடுங்கினதே இல்லை."

"சரி, அதை எடுத்துடறேன்," என்றான் ப்ரேபென், பெரிய மனது பண்ணி.

எடுக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அமைச்சகத்தில் இந்த மானியத்தைக் கவனிக்கிற மெரெட்டே தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, பணம் உங்களுக்குத்தான் என்றாள். அந்த நடுங்கும் கையைப் பற்றிச் சொன்னபோது குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். எனக்குக் கூசிப்போயிற்று. வாழ்த்துக்கு நன்றி என்று சொல்லி வைத்தேன், வேறென்ன செய்ய.

மானியம் வென்றவர்தான் கேக் வாங்கிவர வேண்டும், அது எங்கள் வழக்கம். ப்ரேபென் பாதாம் கேக் வாங்கிவந்தான், அதில் குட்டிக் குட்டித் தேசியக் கொடிகள் குத்தியிருந்தன. எல்லோருக்கும் நன்றி சொன்னான். தொட்டி கழுவுகிறவருக்குக்கூடச் சொன்னான். சிஸ்ஸெலைத் தோளோடு அணைத்து, "என் வலது கை," என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கேக்கை நான் மென்று விழுங்கினேன், துப்பினால் நாகரிகமில்லை என்பதால்.

பிறகு பதவி உண்டானது. சட்டப்படி அதை உலகத்துக்கே விளம்பரம் செய்ய வேண்டும். தன் தலையிலிருந்து பிறந்த வேலைக்கு சிஸ்ஸெல் மற்றவர்களோடு வரிசையில் நின்று விண்ணப்பித்தாள். வெளியூர்ப் பேராசிரியர்கள் மூன்று பேர் மதிப்பீட்டுக் குழு. யோக்கியமானவர்கள், யாரும் யாரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடித்ததில்லை. அவர்களுடைய தீர்ப்பு வந்தது. ஆராய்ச்சி மிகச் சிறப்பு. ஆனால் இந்த விண்ணப்பதாரர் தன் பெயரில் ஒரு பெரிய மானியம்கூட வென்றதில்லை, ஆகவே திட்டத்தை நடத்தும் திறமை நிரூபணமாகவில்லை.

அதைப் படித்ததும் நேரே ப்ரேபெனின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை.

"குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்லு. விண்ணப்பம் அவ எழுதினதுன்னு சொல்லு."

"குழுவுல நான் எப்படித் தலையிடுறது?" என்றான். உண்மையிலேயே அதிர்ந்துபோய்க் கேட்டான். "அது ஊழல் இல்லையா?"

என் காதை நம்ப முடியவில்லை. நாக்கூசாமல் சொன்னான். அதைவிட அசிங்கம், அதை அவன் நம்பினான். எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

தீர்ப்புக்கு மறுப்பு எழுத சிஸ்ஸெலுக்கு அவகாசம் இருந்தது. அவளைத் தேடிக் கீழே தொட்டி அறைக்குப் போனேன். முழங்கைவரை தண்ணீரில் விட்டு விதைகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"எழுது," என்றேன். "ஒண்ணு விடாம எழுது. நான் சாட்சி சொல்றேன்."

"எழுதினா என்ன ஆகும் சொல்லு. நீதானே விதியெல்லாம் படிச்சவ."

சொன்னேன். தலைமை விண்ணப்பதாரர் பொய் எழுதியிருந்தால் மானியம் ரத்து. அமைச்சகம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

"அப்ப இந்த வசந்தத்துல விதைக்க முடியாது."

"முடியாது."

"இது அடுத்த வருஷம்வரை தாங்காது போடில். செத்துடும்." ஈரக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் நாசமாப் போகட்டும். புல்லு ஏன் சாகணும்?"

அவள் எழுதவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. உலுக்கவில்லை, ஏனென்றால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

வேலை ஜெர்மனியிலிருந்து வந்த ஹௌக்கே என்பவனுக்குப் போனது. தங்கமான பையன், பாவம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஃபியோர்டில் எங்கே சேறு, எங்கே மணல் என்பதுகூடத் தெரியாது. திட்டத்தில் பயிற்சிக்கென்று தனிப் பணம் இருக்கிறதே, அதிலிருந்து மணிக்கூலி கொடுத்து ஹௌக்கேவுக்கும் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை ப்ரேபென் தேடினான். யாரைக் கேட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? கேட்டான், வெட்கமே இல்லாமல். அவளும் வந்தாள், விதைக்காக.

விதைக்கிற நாளன்று அமைச்சகத்திலிருந்து மெரெட்டே வந்திருந்தாள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு புகைப்படக்காரனும் வந்தான். ப்ரேபென் மார்புவரை வருகிற புது ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு கரையிலேயே நின்றான், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. விதைப் பைகளைக் கொண்டுபோக ஒரு படகு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் படகு ஓட்டத் தெரிந்தவர் ஐனார் ஒருவர்தான், அதனால் அவரே வந்திருந்தார். சிஸ்ஸெல் மாணவர்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள்.

எங்கள் ஊரில் யாரும் குடும்பப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதில்லை. மெரெட்டே, ஐனார், கை குலுக்கல், அவ்வளவுதான். கிழவரின் கையை மெரெட்டே விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீ இங்க விலாங்கு பிடிச்சவனா?"

"ஆமா. ரொம்ப வருஷம்."

"அப்ப ப்ரேபெனோட அப்பா நீதானா?" அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நல்லவள், மனசாரக் கேட்டாள். "உன்னைப் பத்தி அவன் சொன்னதைக் கேட்டு எங்களுக்கெல்லாம் அழுகையே வந்துடுச்சு. உன் பையனை நெனச்சு நீ பெருமைப்படணும்."

ஐனாருக்கு முழு விஷயமும் தெரியும், சிஸ்ஸெல் எப்போதோ சொல்லியிருந்தாள். அவர் ப்ரேபெனைப் பார்த்தார். ப்ரேபென் ரப்பர் உடுப்பின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும், "இல்லை, இவர் சிஸ்ஸெலோட அப்பா" என்று சொல்ல. வார் அவனுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

கிழவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். சிஸ்ஸெல் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கையில் விதைப் பை. வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

"ஆமா," என்றார் ஐனார். "பெருமைதான்."

"அப்பாவும் பையனும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்றான் புகைப்படக்காரன். ப்ரேபென் நெருங்கினான். கிழவரின் தோளில் கையும் போட்டான். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். கை நடுங்கவில்லை, நான் பார்த்தேன்.

"ஐனார்," என்று தண்ணீரிலிருந்து சிஸ்ஸெல் கூப்பிட்டாள். "படகைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டா."

பேச்சு வந்த நாளிலிருந்து அவரை அவள் அப்பா என்று மட்டுமே கூப்பிட்டவள். கிழவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, "இதோ வர்றேன்," என்று சொல்லிவிட்டு, ப்ரேபெனின் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டுவிட்டு, படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்.