கொடிமலையில் பாதி வழி

ஷர்வின் ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து பல மாதங்கள் ஆகியும், பாயான் பாருவிலிருந்த தொழிற்சாலையையும் தன் வாடகை அறையையும் தவிரப் பினாங்கில் எதையும் பார்த்திருக்கவில்லை. அதைக் கேட்டதும் சூப்பர்வைசர் ஐனாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை எல்லோருமாகச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றாள். உடன் வேலை செய்யும் சுபாஷினி உடனே கிளம்பிவிட்டாள். குணவதிதான் யோசித்தாள். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருப்பவளுக்கு இனி என்ன சுற்றிப் பார்க்க இருக்கிறது? அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவள், சின்னவர்களோடு போய் நடக்க முடியாமல் நிற்கவும் விருப்பமில்லை. வீட்டில் கணவர் ராமதாஸ்தான், போய்விட்டு வா என்று அனுப்பி வைத்தார்.

ஷர்வினே கெரேத்தா ஓட்ட, அதில் நால்வரும் போனார்கள். காலையில் லெபோ பாசாரில் ஒரு கடையில் தோசை சாப்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கியபோது, குணவதிக்கு எதிர்ப்பக்கத்துக் கடைதான் முதலில் கண்ணில் பட்டது. அவளுடைய கல்யாணச் சேலை வாங்கிய கடை. இப்போது அங்கே கைப்பேசி உறைகள் தொங்கின. அந்த நாளில் அம்மாவும் சித்தியும் மஞ்சள் பஸ் பிடித்து அவளை அழைத்து வந்து, வெயில் ஏறும்வரை சேலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முதலில் எடுத்துப் போட்டதையே வாங்கினார்கள். அதைச் சொன்னதும் சுபாஷினி சிரித்தாள். தன் அம்மாவும் அப்படித்தான் என்றாள். அதற்குப் பிறகு குணவதிக்குப் பேச்சு தானாக வந்தது. ஆர்மீனியன் தெருவில் மற்றவர்கள் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அவள் எந்த முனையில் ஐஸ் கச்சாங் விற்றார்கள், எந்த மாடியில் தையல் வகுப்பு நடந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

செண்டோல் குடிக்கும்போது, அடுத்து கொடிமலை என்றான் ஷர்வின்.

"நீங்க எத்தன தடவ போயிருப்பீங்கக்கா?"

"பாதிதான் போயிருக்கேன்லா," என்றாள் குணவதி.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அந்தக் கதையைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் மேலேயுள்ள முருகன் கோயிலுக்கென்று ராமதாஸும் அவளும் புறப்பட்டார்கள். அப்போது ஓடியது பழைய ரயில். மெதுவாக ஏறி நடு நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். இறங்கியதும் ராமதாஸ் அவள் முகத்தைப் பார்த்து, வாடிப் போயிருக்கிறது, வேண்டாம், திரும்பிவிடலாம் என்றார். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாரே என்று திரும்பிவிட்டாள். அடுத்த வாரமே அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. அதன்பிறகு அது வீட்டுக் கதையாகிவிட்டது. வயிற்றிலிருக்கும்போதே எங்களை மலையேற விடாதவள் என்று மூத்த மகளை இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

புதிய ரயில் எங்கேயும் நிற்கவில்லை. ஆயிர் ஈத்தாமின் கூரைகள் சட்டென்று கீழே போயின. அந்த நடு நிலையம் வருமென்று குணவதி கண்ணாடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்களுக்கிடையே ஏதோ ஒரு கட்டடம் வந்தது, போனது. அதுதானா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. அங்கே ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

அதற்கு மேல் பாதை செங்குத்தானது. காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசி வந்த ஷர்வின் பேச்சை நிறுத்தியிருந்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கா?" என்றான். "முகம் வாடிப்போச்சு. வேணும்னா மேல போனதும் உடனே எறங்கிடலாம்."

குணவதி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவன் கையைப் பார்த்தாள். நடு நிலையத்தில் அவள் கையை விடாமல் பிடித்திருந்த ராமதாஸின் கை அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. அது வியர்த்து ஈரமாக இருந்தது. புது மாப்பிள்ளையின் ஆசை என்று நினைத்து அவள் வெட்கப்பட்டிருந்தாள்.

லங்காவியில் கேபிள் காரில் குடும்பத்தில் எல்லோரும் ஏறியபோது, பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கீழேயே இருந்துவிட்டார். வீடு பார்த்தபோது, தண்ணீர் மேலே ஏறாது என்று தரைத்தளத்தைத்தான் எடுத்தார். பாலத்தில் கார் ஓட்டும்போது கடல் பக்கம் திரும்பவே மாட்டார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் இவற்றைச் சேர்த்துப் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"ஆமா தம்பி, கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்று சொல்லி ஷர்வினின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "என்கூட நில்லுங்க. கீழ பாக்க வேணாம்."

மேலே காற்று குளிர்ந்திருந்தது. கோயிலில் அவள் கணவர் பெயரில் அர்ச்சனை செய்தாள். ஐனாவும் ஷர்வினும் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு முகத்தில் தெளிவு வந்திருந்தது. இறங்கும்போது அவளாகவே அவனை நடுவில் உட்கார வைத்தாள்.

மாலையில் பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்தபடி பசம்போர் சாப்பிட்டார்கள். அடுத்த தடவை பாலிக் புலாவ் போகலாம் என்றாள் சுபாஷினி. அந்த அடுத்த தடவை வருவதற்குள் தனக்கு ஓய்வு வந்துவிடுமே என்று குணவதி நினைத்தாள். ஐனா அதைப் புரிந்துகொண்டவள்போல, நீங்கள் இல்லாமல் போகமாட்டோம் என்று மலாயில் சொன்னாள்.

ராமதாஸுக்கும் ஒரு பசம்போர் தாப்பாவ் பண்ணி எடுத்துப் போனாள். அவர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, மேலே வரைக்கும் போனாயா என்று கேட்டார்.

"போனோம்."

"ரொம்ப உசரமா?"

"உசரந்தான். எனக்குப் பயமா இருந்துச்சு," என்றாள் குணவதி. "அன்னைக்கு நீங்க என்னைத் திருப்பிக் கூட்டியாந்தது நல்லதாப் போச்சு."

அவர் குழம்பில் தோய்ந்த வடைத் துண்டை எடுத்து அவள் பக்கம் வைத்தார். பிறகு கோயில் எப்படி இருந்தது என்று கேட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். மலையுச்சியிலிருந்து எடுத்த படம் வந்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரலால் அதைப் பெரிதாக்கி, நம்ம வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று தேடத் தொடங்கினார்.