வியாழக்கிழமைச் சந்தை வழியாக

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் அண்ணன் ஷுஐபின் புருவ முடி உதிர்ந்திருப்பதையும், காதுமடல் தடித்திருப்பதையும் பார்த்ததுமே தமிமுந்த்துக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பது வயதில் அவளுக்கு வந்த அதே தொழுநோய். அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் குளிர்காலம் முழுக்க அவளுக்கு இனித்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் நவால் ஒருநாள் தேநீர் குடிக்க வந்தபோது தொழுநோய் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னாள். ஒரு காலத்தில் இந்த ரீஃப் மலையிலிருந்து போனவர்களாலேயே தொழுநோய் வார்டு நிறைந்திருக்குமாம். இப்போது மாகாணம் முழுக்க வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான், அதுவும் வயதானவர்கள். நோய் அருகிப்போனதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை, விரல் மடங்கிய பிறகே வருகிறார்கள் என்றாள். தமிமுந்த் இன்னொரு கிளாஸ் ஊற்றினாளே தவிர, அண்ணன் பெயரைச் சொல்லவில்லை.

அவளுக்கு நோய் வந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு அவளைச் சந்தை நடுவே நடத்திப்போனவன் அண்ணன்தான். "ஒதுங்குங்க, குஷ்டம் வருது" என்று கத்திக்கொண்டே போனான். குணமாகித் திரும்பியபோது அவன் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒலிவ ஆலைக்குப் பின்னால் தனியறையில்தான் அவள் வாழ்க்கை.

அத்தி துளிர்த்த சமயம் அவனே வந்தான். சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

"தங்கச்சி, மருந்துக்கடையில குடுத்த களிம்பு கேக்கல. அடுப்புல கை சுட்டாக்கூடத் தெரியல."

"எனக்கு மழைக்கு முன்னாலயே தெரியும்."

அவன் தலை குனிந்தான். "யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"வியாழக்கிழமை. சந்தை வழியா. நடந்து."

அவன் வந்தான். காய்கறிக் கடைகளுக்கு நடுவே, எங்கே போகிறீர்கள் என்று பலரும் விசாரித்தார்கள். பதிலை அவனிடமே விட்டு அவள் காத்து நின்றாள். அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லு. அன்னிக்குக் கத்தத் தெரிஞ்சுதே."

"எனக்குக் குஷ்டம்" என்றான் ஷுஐப்.

கூட்டம் விலகி வழிவிடும் என்று அவள் காத்திருந்தாள். யாரும் நகரவில்லை. ஒலிவக்காய் அளந்துகொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்து, "அப்படின்னா என்ன மாமா? சர்க்கரை மாதிரியா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் அடுத்தவருக்கு அளக்கப் போய்விட்டான்.

 தமிமுந்த் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருஷத்தையும் திரட்டி அவன் உள்ளங்கையில் நகங்களை அழுத்தினாள். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. அவன் அவள் முகத்தை நன்றியோடு பார்த்தபடி கூடவே நடந்து வந்தான்.